ஒட்டுவேலை: அழகர்மலை அடிவாரத்துக் கலை

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி மதுரைத் தெருக்களில் திரி ஏந்தி ஆடிவரும் அழகர் அடியாரின் உடை ஒரே துணியில் தைக்கப்படுவதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறத் துண்டுகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்து, ஓரத்துக்குச் சரிகை நாடா வைத்து, நடுவே கண்ணாடி வில்லையும் சமிக்கியும் தைத்து அதை உருவாக்குகிறார்கள். ஓவியக் கல்லூரிகளில் கொலாஜ் என்று கற்றுத்தரப்படும் கலையும் அடிப்படையில் இதே வேலைதான். வேறொரு காரியத்துக்காகச் செய்யப்பட்ட பொருளை எடுத்து, இன்னும் சில பொருள்களோடு சேர்த்து ஒட்டி, அவற்றில் எதிலும் தனியே இல்லாத ஓர் உருவத்தைக் கொண்டுவருவது அது. ஐரோப்பாவில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்ட வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மதுரைச் சமவெளியில் அதே வேலை தையல் எந்திரத்தின் முன்னும் தேர்முட்டியிலும் நடந்துவந்திருக்கிறது. கலை வரலாற்று நூல்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஓவியர் வண்ணத்தைக் குழைத்துச் சிவப்பை உண்டாக்குகிறார். ஒட்டுச் சித்திரம் செய்பவர் சிவப்பைத் தேடிப் போகிறார். தீப்பெட்டியின் மேலட்டையிலோ, கிழிந்த சேலையின் முந்தானையிலோ, திருவிழாச் சுவரொட்டியின் மூலையிலோ அது கிடைக்கிறது. அச்சுப் புள்ளிகளோ, துவைத்துத் துவைத்து வெளுத்த தடமோ, வெயிலில் நாள்பட ஒட்டியிருந்த சுருக்கமோ அதனுடன் சேர்ந்தே வரும். அந்தத் தடத்தை அழிக்காமல் துண்டைப் புதிய இடத்தில் உட்காரவைப்பதில்தான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. பார்ப்பவர் முதலில் ஒரு மயிலைக் காண வேண்டும். அருகே வந்தால் அதன் தோகை பழைய கல்யாணப் பத்திரிகைகளால் ஆனது என்பதும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறிப்போனாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

தாள், துணி, இலை போன்ற தட்டையான பொருள்களை ஒரு பரப்பில் ஒட்டினால் அது கொலாஜ். கட்டை, தகரம், பொத்தான், உடைந்த பீங்கான் எனக் கனமுள்ளவை பரப்பை விட்டு எழுந்து நிற்கத் தொடங்கினால் அதற்கு அசெம்பிளாஜ் என்று பெயர். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1953இல் தம் வேலைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். வண்ணத்துப்பூச்சி இறகுகளை ஒட்டியும் அவர் படங்கள் செய்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1961இல் இக்கலைக்கென்றே பெரிய கண்காட்சி ஒன்றை நடத்திய பிறகு இந்தப் பெயர் எங்கும் பரவியது. செய்முறையில் இரண்டுக்கும் நடுவே கறாரான கோடு கிடையாது.

நாற்காலிப் பின்னலும் டிராம் டிக்கெட்டும்

1912ஆம் ஆண்டு பாப்லோ பிக்காசோ ஒரு நீள்வட்ட ஓவியத்தில், பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணி ஒன்றை ஒட்டினார். படத்தின் விளிம்பைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதிலாகக் கயிறு கட்டினார். நவீன ஓவியத்தில் கொலாஜின் தொடக்கமாக இந்தப் படத்தைத்தான் சொல்வது வழக்கம். அதே ஆண்டு அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மரத்தின் ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டிக் கரித்துண்டு ஓவியத்தில் ஒட்டினார். கடையில் விற்கும் மலிவான அச்சுத்தாள் ஓவியத்துக்குள் நுழைந்த நேரம் அது. முப்பது ஆண்டு கழித்து, 1942இல், பிக்காசோ பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத்தலை ஒன்றைச் செய்தார். கொம்பும் முகமும் கண நேரத்தில் தெரிகின்றன, சைக்கிளும் மறையவில்லை.

தாளை வெட்டி ஒட்டுவது அதற்கும் முன்பே இருந்த கைவேலைதான். இங்கிலாந்தின் மேரி டிலேனி 1772இல், தமது 72ஆம் வயதில், வண்ணத் தாள்களைப் பொடிப்பொடியாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டித் தாவரப் படங்கள் செய்யத் தொடங்கினார். அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு பூவின் இதழும் மகரந்தத் தண்டும் தாவரவியலுக்குப் பிசகாமல் இருந்தன. அவற்றை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. பெண்கள் வீட்டில் செய்த இத்தகைய வேலைகள் நெடுங்காலம் பொழுதுபோக்குக் கணக்கில் வைக்கப்பட்டன. அந்தக் கணக்கு தவறு.

கண்டெடுத்த பொருளையே முழு மூலதனமாகக் கொண்டவர் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ். முதல் உலகப் போர் முடிந்து ஊரே சிதறிக்கிடந்த நேரத்தில், தெருவில் விழுந்துகிடந்த டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், கம்பி, மரச்சில்லு, கிழிந்த விளம்பரம் ஆகியவற்றை அவர் பொறுக்கிச் சேர்த்தார். வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து வெட்டிய ‘மெர்ஸ்’ என்ற எழுத்துத் துண்டையே 1919இல் தம் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். தம் வீட்டின் அறைகளையே இப்படி ஒட்டியும் கட்டியும் ஒரு பெரிய படைப்பாக வளர்த்தார். அது 1943இல் விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. எஞ்சிய சிறு படங்களில் அன்றைய ஹானோவரின் விலைவாசியும் பயணமும் கடைப்பெயரும் பதிந்திருக்கின்றன. கலைக்காகச் செய்தது ஊரின் ஆவணமாகவும் ஆகியிருக்கிறது. மதுரைக்கு இந்த எடுத்துக்காட்டு மற்றவற்றைவிடப் பொருந்தும். ஆண்டுதோறும் பல லட்சம் பேர் கூடிக் கலையும் ஊரில் இத்தகைய ஆவணத்துக்குப் பஞ்சமே கிடையாது.

இந்தியாவில் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் இக்கலையைப் பேச முடியாது. சாந்திநிகேதனத்தின் வினோத் பிகாரி முகர்ஜி 1950களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் முழுதும் பார்வை இழந்தார். அதன்பின் வண்ணத் தாள்களை விரலால் தடவி உணர்ந்து, வெட்டி, ஒட்டிப் படங்கள் செய்தார். அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். இன்னொருவர் சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த். புதிய நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் மிச்சங்களைக் காட்டுக்குள் ரகசியமாகச் சேர்த்து, உடைந்த வளையல், பீங்கான், ஓடு, மின்சாரச் சாமான் ஆகியவற்றால் மனிதரையும் விலங்குகளையும் செய்து அடுக்கினார். அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை என்பதால் அதை இடிக்கும் பேச்சும் எழுந்தது. மக்கள் ஆதரவால் அது பிழைத்து, 1976இல் பாறைத் தோட்டம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 40 ஏக்கர்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் கோவில்களிலும் ஒட்டுவேலை வேறு பெயர்களில் வாழ்ந்தது. தஞ்சாவூர் ஓவியமே ஒருவகையில் ஒட்டுவேலைதான். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, தங்கத் தகடு ஒட்டிய பிறகே வண்ணம் வருகிறது. பம்பாயில் 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் செட்டிநாட்டு வீடுகளுக்கு வந்தபோது, அச்சுப்படத்தின் சேலை வரையப்பட்ட இடத்தில் உண்மையான பட்டுத்துணியையும் சரிகையையும் மணியையும் ஒட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தார்கள். முகமும் கையும் அச்சு, உடை துணி. பழம்பொருள் கடைகளில் இப்போதும் அவற்றைப் பார்க்கலாம். அந்தப் படங்களுக்குத் துணி ஒட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. வைகைக் கரையில் இன்னும் பின்னால் போனால், மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி அகழாய்வில் வட்டமாக உரசித் தேய்த்த பானையோட்டுச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உடைந்த பானையிலிருந்து விளையாட்டுச் சில்லு செய்யும் கை இந்தச் சமவெளியில் மிகப் பழையது.

அடியார் உடையும் புதுமண்டபத்துத் தையலும்

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலையின் அடிவாரத்தில் கள்ளழகர் கோவில் இருக்கிறது. ஆழ்வார்கள் பாடிய திருமாலிருஞ்சோலை அது. சித்திரைத் திருவிழாவில் பெருமாள் கண்டாங்கிப் பட்டு உடுத்தி, நேரிக்கம்பு ஏந்தி, கள்ளர் திருக்கோலத்தில் மதுரைக்குப் புறப்படுகிறார். மூன்றுமாவடியில் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கிறது. தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்குகிறார். அன்று அவர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை வைத்து அந்த ஆண்டு விளைச்சலைச் சொல்வது இந்தச் சமவெளியின் வழக்கம். பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும். துணியின் நிறத்துக்கு இவ்வளவு பொருள் கொடுக்கும் திருவிழாவில், அடியாரின் உடை நிறத்தால் நிரம்பி வழிவதில் வியப்பில்லை. இந்த மலைக்கும் துணிக்கும் உள்ள உறவும் பழையது. கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர் ஆகியோரோடு அறுவை வணிகர் ஒருவரையும், அதாவது துணி விற்றவரையும், குறிப்பிடுகின்றன.

வேடம் கட்டும் அடியார்கள் பலவகைப்படுவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட ‘அழகர் கோயில்’ ஆய்வு நூலில் தொ. பரமசிவன் அவர்களை வகைபிரித்து எழுதினார். திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தியால் நீர் தெளிப்போர் என அந்தப் பட்டியல் நீளும். துணியைச் சுருட்டித் தடிமனாகக் கட்டிய திரியின் நுனியில் தீ எரியும். நீர் தெளிப்பவரின் தோளில் தொங்குவது முழு ஆட்டுத்தோலால் தைத்த பை. அதன் வாயில் பொருத்திய சிறு குழாய் வழியே நறுமண நீர் பீய்ச்சப்படுகிறது. இடுப்பில் கச்சை, அதன்கீழ் சல்லடம் என்னும் குட்டைக் காற்சட்டை, தலையில் உருமால் அல்லது கூம்புக் குல்லாய், காலில் சலங்கை. தோல், துணி, கண்ணாடி, உலோகம், நூல் எல்லாம் ஒரே உடம்பின்மேல் கூடுகின்றன. ஓவியச் சட்டத்துக்குள் நிற்கும் கொலாஜுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. இது நடக்கிறது, ஆடுகிறது, நனைகிறது. உச்சி வெயிலில் ஒவ்வொரு கண்ணாடி வில்லையும் தெருவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

இந்த உடைகளைத் தைப்பதற்குப் பெயர்போன இடம் மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய, 124 தூண்கள் கொண்ட வசந்த மண்டபம் அது. திருக்கல்யாணச் சிற்பத்துக்கும் நாயக்க மன்னர் சிலைகளுக்கும் இடையே பல தலைமுறைகளாகத் தையல் எந்திரங்கள் ஓடின. கள்ளழகர் அடியாருக்கு உடை தைப்பதில் கைதேர்ந்தவர்களில் முஸ்லிம் தையற்காரர்கள் பலர். சித்திரை நெருங்கும்போது அவர்களுக்கு இரவு பகல் கிடையாது. மதுரையின் இந்தப் பழக்கத்தை ஒற்றுமைக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள், அது நியாயமே. ஆனால் அத்தோடு நிறுத்திவிடுவது அவர்களின் கைத்திறனுக்கு நியாயமாகாது. எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் நின்றால் நூறடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும், எவ்வளவு கனமான கண்ணாடியை எந்த இடத்தில் வைத்தால் ஆடும்போது துணி இழுபடாது என்பதெல்லாம் வடிவமைப்பு அறிவு. அண்மை ஆண்டுகளில் மண்டபத்தின் பழமையைக் காப்பதற்காகக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. தொழில் இடம் மாறித் தொடர்கிறது.

துணி ஒட்டுவேலையின் முறை எளிதாகத் தோன்றும். பழகினால்தான் அதன் கடினம் தெரியும். அடித்துணியின் மேல் வெட்டுத்துணியை வைத்து, ஓரத்தை உள்பக்கம் மடித்து, மடிப்பு தெரியாமல் தைக்க வேண்டும். வளைவுகளில் மடிப்பு சுருங்காமலிருக்க உள்ளோரத்தில் சிறு வெட்டுகள் கொடுக்கப்படும். இதழின் நுனி, மயிலின் அலகு போன்ற கூரிய இடங்களில்தான் தைப்பவரின் தரம் வெளிப்படும். தையலை மறைக்க மேலே நாடாவோ சரிகையோ ஓடும். அந்த நாடாவே தூரத்திலிருந்து பார்க்கும்போது படத்தின் கோடாகவும் ஆகிவிடுகிறது. பெரிய உருவத்தை வெட்டியதில் மிஞ்சும் துணுக்கு பூவின் நடுப்பொட்டுக்கும் பறவையின் கண்ணுக்கும் போதும்.

தேர்த் தொம்பை இதே கையின் பெரிய வேலை. தேரின் நிலைகளிலிருந்து உருளை வடிவில் தொங்கும் துணி அலங்காரம்தான் தொம்பை. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பகுதிகளில் இதற்கென்றே கைவினைஞர் குடும்பங்கள் உண்டு. யாளி, அன்னம், தாமரை, பூரண கும்பம் ஆகியவை சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்புத் துணிகளில் வெட்டி ஒட்டித் தைக்கப்படுகின்றன. மாசி வீதிகளில் தேர் அசைந்து வரும்போது தொம்பையும் சுழல்வதால், ஒரு பக்கம் மட்டும் அழகாக இருந்தால் போதாது. சுற்றிவரும் உருவத்துக்கு முதலும் முடிவும் தெரியக் கூடாது. தட்டையான துணியில் வெட்டும்போதே அது உருளையாகச் சுருண்டால் எப்படி இருக்கும் என்று மனத்தில் கணக்குப் போடுபவரே நல்ல தொம்பைக்காரர்.

திருவிழா முடிந்த மறுநாள்

அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, அவர் வந்த வழி நெடுகிலும் பொருள்கள் கிடக்கின்றன. அவர் தங்கிச் சென்ற நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளின் பந்தல் துணி நறுக்குகள், விளம்பரம் அச்சிட்ட அட்டை விசிறிகள், உடைந்த பனையோலை விசிறி, வண்ணத் தோரணக் காகிதம், பலூன் துண்டு, ஊதல், குஞ்சத்திலிருந்து உதிர்ந்த நூல், சமிக்கி, சுவரொட்டி, பேருந்து டிக்கெட். துப்புரவுப் பணியாளர்களுக்கு இவை எல்லாம் ஒரே பாரம். ஒட்டுச் சித்திரம் செய்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. பொருள் சேர்ப்பதற்கு மதுரையில் வேறு இடங்களும் உண்டு. தையற்கடைகளின் வெட்டுத்துணி மூட்டை, அச்சகங்களின் ஓரத்தாள், பழைய இரும்புக் கடை, திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தை, மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் ஒதுக்கப்படும் மெருகிட்ட சில்லுகள். மலையடிவாரத் தோப்புகளிலும் சாலையோரத்திலும் வாகை நெற்று, கொன்றை நெற்று, புளியங்கொட்டை, பனம்பன்னாடை கிடைக்கும். பனம்பன்னாடையின் இயற்கையான பின்னல் எந்த நெசவுத்துணிக்கும் சளைத்ததல்ல.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. அழகர்மலை காப்புக்காடு, அங்கிருந்து பட்டையோ கொடியோ கல்லோ வனத்துறை அனுமதியின்றி எடுப்பது குற்றம். கோவிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்து வைக்கும் அரிவாள் போன்றவை கேட்பாரற்ற பொருள்கள் அல்ல; அவை நேர்ச்சை. உடைந்த மண் உருவமானாலும் கோவில் எல்லைக்குள் இருப்பதைத் தொடாமலிருப்பதே முறை. மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. தானாக உதிர்ந்த தோகை தவிர வேறெதையும் நினைக்கவே கூடாது. வயலில் தட்டுப்படும் பழைய பானையோடு, காசு, மணி ஆகியவற்றையும் பசைக்குள் புதைப்பது தவறு. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் கண்ணைப் பறிக்கும் என்றாலும், அதைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகள் செய்யும் படத்தில் அது வேண்டாம்.

சேர்த்த பொருளை உடனே ஒட்டக் கூடாது. துணியை உப்பும் வியர்வையும் போக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். விதைகளையும் நெற்றுகளையும் நன்றாக வெயிலில் காயவைக்காவிட்டால் உள்ளிருக்கும் புழு சில மாதத்தில் படத்தையே துளைத்துவிடும். சுவரொட்டியை நீரில் ஊறவைத்துப் பின்பக்கத்து மைதாப் பசையை வழித்தெடுத்தபின் அழுத்தி உலர்த்த வேண்டும். தகரத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வார்னிஷ் பூச வேண்டும்; இல்லையேல் துரு பக்கத்துத் தாளுக்கு இறங்கும். எந்திரத்தில் வரும் பேருந்து டிக்கெட்டுகள் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அச்சாகின்றன. சில ஆண்டுகளில் அவை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும் என்பதால், நகல் எடுத்து அதைப் பயன்படுத்துவதே நல்லது. வண்ணத்தாளில் அச்சிட்ட பழைய டிக்கெட்டுகளுக்கு இந்தக் குறை இல்லை.

அடித்தளத்துக்குத் தடித்த அட்டை அல்லது ஒட்டுப்பலகை ஏற்றது. மெல்லிய அட்டையில் ஈரப்பசை பட்டால் தாள் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையை வில்லாக வளைத்துவிடும். பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டிவிட்டால் இரு பக்க இழுப்பும் சமனாகி அட்டை நேராக நிற்கும். பசைகளில் புளியங்கொட்டைப் பசை தமிழ்நாட்டின் பழைய துணை. துணிக்கும் தாளுக்கும் பொருந்தும், தேவைப்பட்டால் ஈரம் கொடுத்துப் பிரிக்கவும் முடியும். மைதாப் பசை மலிவு, ஆனால் பூச்சியை அழைக்கும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது இதனால்தான். துத்தம் நஞ்சு என்பதால் பிள்ளைகள் கையில் தரக் கூடாது. மரத்துக்கும் கனமான துணிக்கும் வெள்ளைப் பசை. உலோகத்தையும் கல்லையும் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது. பலகையில் துளையிட்டுக் கம்பியால் பின்பக்கம் முறுக்கிக் கட்ட வேண்டும்.

அடுக்குவதுதான் நீண்ட வேலை. பசையைத் தொடாமல் துண்டுகளைப் பரப்பி, நகர்த்தி, எடுத்து, மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அந்த நிலையில் உருவம் நிற்கிறதா என்பதே முதல் சோதனை. தொடங்குபவர்கள் பெரும்பாலும் கிடைத்த எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அடியாரின் உடையைக் கூர்ந்து பார்த்தால் அதில் ஒழுங்கு இருப்பது தெரியும். நிறங்கள் பல என்றாலும் ஒரு நிறமே பரப்பில் பாதிக்கு மேல் ஆள்கிறது. மற்றவை அதற்கு எதிரில் நிற்கின்றன. சரிகைக் கோடு எல்லாவற்றையும் கட்டுகிறது. இந்த மூன்றும் இருந்தால் எத்தனை துண்டானாலும் படம் சிதறாது. அடுக்கியது திருப்தியானதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடியில் இருப்பதை முதலிலும் மேலே இருப்பதைக் கடைசியிலும் ஒட்ட வேண்டும். தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினால் காற்றுக்குமிழ் தங்காது. ஒட்டியதும் எண்ணெய்த்தாள் விரித்துக் கனமான புத்தகங்களை ஏற்றி ஓரிரவு விட வேண்டும்.

எது படமாக வேண்டும் என்பதற்கு விதி இல்லை. ஆனாலும் பொருளுக்கும் உருவத்துக்கும் உறவு இருக்கும் படங்களே நினைவில் நிற்கின்றன. மண்டகப்படி விசிறிகளால் செய்த தங்கக் குதிரையும், வைகைப் படுகையில் கிடந்த துணிகளால் செய்த வைகையும் பார்ப்பவரிடம் ஏதோ கேட்கும். கடையில் வாங்கிய புதிய பாசிமணியால் செய்த அதே குதிரை அழகாக இருக்கலாம். கேட்பதற்கு அதனிடம் ஒன்றும் இராது.

காப்பது

ஒட்டுவேலைகள் ஓவியங்களைவிட விரைவில் அழிபவை. செய்தித்தாளில் உள்ள மரக்கூழின் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகித் தாளை நொறுக்குகிறது. வெல்வெட் மடிப்பில் அற்றுப்போகிறது. சரிகை கறுக்கிறது. வெள்ளிப்பூச்சியும் கரையானும் பசையைத் தேடி வருகின்றன. மதுரை வெயிலில் சாளரத்துக்கு எதிரே மாட்டிய படம் சில கோடைகளுக்குள் நிறமிழந்துவிடும். நேர் வெயில் படாத சுவரில், பரப்பைத் தொடாதபடி சிறு இடைவெளி விட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பதே பாதுகாப்பு. வேட உடையைத் துவைக்காமல், ஈரம் போக நிழலில் உலர்த்தி, வெளுக்காத கோராத் துணியில் மடிப்பின்றிச் சுருட்டி வைக்கலாம். மடிக்கத்தான் வேண்டும் என்றால் மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தஞ்சாவூர்க் கலைத்தட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. மதுரைச் சுங்குடிக்கும் உண்டு. அவற்றுக்கு அருங்காட்சியகங்களிலும் இடம் இருக்கிறது. அழகர் அடியாரின் உடைக்கும் தேர்த் தொம்பைக்கும் அத்தகைய கவனம் போதாது. ஓர் உடை கிழிந்தால் அடுத்த ஆண்டு புதிது தைக்கப்படுகிறது. பழையது எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. பாட்டன் கட்டிய சல்லடமோ, கண்ணாடி உதிர்ந்த குல்லாயோ, பழைய தொம்பையோ வீட்டுப் பரணில் இருந்தால் அதைக் கழிக்க வேண்டாம். எந்த ஆண்டு, யார் தைத்தது, யார் கட்டியது என்று ஒரு துணிச்சீட்டில் எழுதித் தைத்து வையுங்கள். காந்தி நினைவு அருங்காட்சியக வளாகத்தில் உள்ள மதுரை அரசு அருங்காட்சியகம் இவற்றுக்கென ஒரு சிறு பிரிவு தொடங்க வேண்டும். தைத்தவரின் பெயரையும் அதன்கீழ் எழுத வேண்டும்.